கோட்டுக்கு வெளியே டானர் குன்று

பிப்ரவரி 11, 1991

அன்புள்ள வெண்டல் அண்ணாவுக்கு,

எழுதுவதற்கே முதலில் மன்னித்துவிடு. அம்மாவை அடக்கம் செய்த பிறகு இரண்டு வருடமாக ஒரு வரிகூட எழுதாதவள் திடீரென்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். படிக்கப் பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிடு. கிழித்து மட்டும் போடாதே.

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. உன் பல்வலி எப்படி? அடக்கத்துக்கு உன்னைக் காவலோடு கூட்டிவந்தபோது இடது கன்னம் வீங்கியிருந்தது. கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். அதற்குள் உன்னை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

ஏன் எழுதவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். உன்மேல் கோபம். தொகுதி உறுப்பினர் பிரிஸ்கர் நம் சமையலறையில் வந்து உட்கார்ந்த அன்று நான் குளிர்பெட்டிக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். "எர்லின், உன் பையன் ரெண்டே வருஷத்துல வெளிய வந்துடுவான். என் ஒரு கையெழுத்து போதும்" என்று அம்மாவிடம் சொன்னார். நீ தலையை ஆட்டினாய். அந்தச் சாலையில் வண்டி ஓட்டி ஒரு மனிதரைக் கொன்றது யார் என்று நான் எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பிரிஸ்கரின் மகனுக்கும் தெரியும். இரண்டு வருடம் என்றவர் ஐந்தாவது வருடமும் அந்தக் கையெழுத்தைப் போடவில்லை. அம்மா அதற்காக நடந்து நடந்தே போய்ச் சேர்ந்தாள்.

நல்ல செய்தியும் இருக்கிறது. நான் கல்லூரியை முடித்துவிட்டேன். நம் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அங்கியும் தொப்பியும் போட்டுப் படம் எடுக்கச் சொன்னார்கள், வெட்கப்பட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது மாநிலத் தலைநகரில், வரைபட அறையில் வேலை. பத்து வருடத்துக்கு ஒருமுறை நாட்டில் தலை எண்ணுகிறார்கள் அல்லவா, அதன்படி வாஷிங்டனுக்கு ஆள் அனுப்பும் தொகுதிகளை மறுபடி வரைய வேண்டும். கணினியில் தெருத்தெருவாகக் கட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு கட்டத்தைத் தொட்டால் அங்கே எத்தனை தலை, கடைசிப் போட்டியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று வந்து நிற்கும். பெரியவர்கள் பின்னால் நின்று சொல்வார்கள், நான் கோடு போடுவேன். நான் பேசத் தேவையில்லாத வேலை. அதனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் தொகுதியும் என் கணினியில்தான் இருக்கிறது. பதினான்கு வருடமாக பிரிஸ்கர் தொகுதி. ஆலை மூடியபின் ஊர் காலியாகிவிட்டது. இன்னும் நாற்பத்தோராயிரம் பேரைச் சேர்த்தால்தான் கணக்குச் சரியாகும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

உன் தங்கை
ரெனீட்டா


மார்ச் 2, 1991

எலிக்குஞ்சு,

உன் கடுதாசி வந்துச்சு. நாலு தடவை படிச்சேன். கிழிக்கிறதாம்ல. இங்க எவன் கிழிப்பான்? என் அறையில மேல் படுக்கையில இருக்கவனுக்கு ஒரு வருஷமா கடுதாசியே இல்ல, உன்னோடதை அவனுக்கும் படிச்சுக் காட்டினேன். "உன் தங்கச்சி நல்லாப் படிச்சவ போல"ன்னான். நெஞ்சை நிமித்திட்டு உக்காந்தேன்.

பல்லு அப்படியேதான் இருக்கு. பல் டாக்டர் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வர்றார், என் முறை வர்றதுக்குள்ள கிளம்பிடறார். இடது பக்கம் மெல்றத விட்டுட்டேன். மத்தபடி நல்லா இருக்கேன். நீ ஒழுங்கா சாப்பிடுறியா? தலைநகர்ல நம்ம ஊர் மாதிரி பொரிச்ச மீனும் சோளரொட்டியும் கிடைக்குதா?

கோபத்தைப் பத்தி எழுதின. உனக்கு அப்ப பதினெட்டு வயசு. எனக்கு இருபத்தாறு. நம்ம சமையலறையில ஒருத்தர் சூட்டு கோட்டு போட்டு உக்காந்து அம்மா கையைப் பிடிச்சுட்டு அழுதா, நான் வேற என்ன பண்ணுவேன்? விடு. அக்டோபர்ல பரோல் விசாரணை வருது, தண்டனை முடியறதுக்கு முன்னாடியே வெளிய விடலாமான்னு பாப்பாங்க. ஊர்ல பெரிய மனுஷன் யாராச்சும் ஒரு லெட்டர் குடுத்தா நல்லதுன்னு இங்க வக்கீல் சொல்றார். நான் பிரிஸ்கருக்கு மூணு தடவை எழுதிட்டேன். பதிலே இல்ல.

பட்டம் வாங்கின படம் ஒண்ணாவது அனுப்பு. வெட்கம் போதும்.

உன் அண்ணன்
வெண்டல்


ஏப்ரல் 23, 1991

அன்புள்ள அண்ணாவுக்கு,

பல்லுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார். எனக்குச் சளி பிடித்து விட்டது, வேறொன்றும் இல்லை. படம் எதுவும் எடுக்கவில்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

போன வாரம் நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்து நாள் யோசித்தேன். உன் பெயரும் அதில் இருப்பதால் எழுதுகிறேன்.

பிரிஸ்கரின் உதவியாளர் லேசி என்பவர் இப்போது தினமும் வருகிறார். சூரியகாந்தி விதை கொறித்தபடி என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். தோல் என் தோளில் விழும். என்னை "ஊமைப் பொண்ணு" என்று கூப்பிடுகிறார். இரண்டு மாதமாகியும் என் பெயரைக் கேட்கவில்லை.

அன்று திரையில் விரலை வைத்து, "இந்த ஆத்தோரமா ஒரு கோடு இழுத்துட்டுப் போ. மெலிசா, ஒரு ரோடு அகலத்துக்கு" என்றார். இழுத்துக்கொண்டே போனேன். நாற்பது மைல். எங்கே நிறுத்துவது என்று திரும்பிப் பார்த்தேன். "ஹாக்கின்ஸ் துறை ஜெயில் வரைக்கும் போ. ரெண்டாயிரத்து தொள்ளாயிரத்து பதினாலு தலை. ஒருத்தனுக்கும் ஓட்டு கிடையாது. இதைவிட நல்ல ஜனங்க எங்க கிடைப்பாங்க?" அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தலைகளில் ஒன்று நீ.

அந்த நாற்பத்தோராயிரத்தை ஏற்கெனவே நிரப்பிவிட்டோம். இனி அவ்வளவு தலையைச் சேர்த்தால் அவ்வளவு தலையைக் கழிக்க வேண்டும். ஒரு தொகுதியில் ஓர் ஆள் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. லேசி யோசிக்கவே இல்லை. டானர் குன்றைத் தட்டி, "இதை வெட்டு. அந்தப் பக்கத்துத் தொகுதியில தள்ளு" என்றார். நம் குன்று அண்ணா. நம் தெரு. அங்கே இரண்டாயிரத்து தொள்ளாயிரத்து ஆறு பேர். மீதி எட்டுப் பேருக்காகப் பக்கத்துச் சந்தில் ஒரு வீட்டையும் சேர்த்து வெட்டினேன்.

ஊர் நடுவில் இருக்கும் குன்றை ஏன் தள்ள வேண்டும் என்று ஒருவர் கேட்டார். லேசி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எண்பத்தெட்டு உட்கட்சித் தேர்தல்ல அந்தக் குன்று அவருக்குக் குடுத்தது நூத்தி நாப்பது ஓட்டு. அங்க பூத் நடத்தினவ எர்லின்னு ஒருத்தி. முகத்துக்கு நேரா 'குன்று உங்களுக்குத்தான் ஐயா'ன்னு சொல்லிட்டு, முதுகுக்குப் பின்னால தெருவையே எதிரா திருப்பி விட்டா. அவ பையன் ஜெயில்ல இருக்கான். அவனுக்கு ஒரு லெட்டர் குடுங்கன்னு நடையா நடந்தா. பெரியவர் சொன்னார், நூத்தி நாப்பது ஓட்டுக்கு நூத்தி நாப்பது வருஷம் கிடக்கட்டும்."

மறுபடியும் சிரித்தார்கள். நான் கோட்டை முடித்தேன். ஒரு கட்டம்கூடத் தப்பவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

எண்பத்தெட்டுக்குப் பிறகு கட்சிக்குள் அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அதனால் அந்த ஒரு தேர்தல்தான் கணினியில் இருக்கிறது. அதில் டானர் குன்று, ஒன்பதாம் பூத், பிரிஸ்கருக்கு நூற்று நாற்பது என்றுதான் இருக்கிறது. நானே பார்த்தேன். நான் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது. நீ சொல். அம்மா அப்படிச் செய்தாளா? செய்திருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரெனீட்டா


மே 9, 1991

எலிக்குஞ்சு,

சளி விட்டுச்சா? உப்புத் தண்ணி கொப்பளிச்சேன். கொஞ்சம் பரவாயில்ல.

நான் இப்ப அவரோட தொகுதிக்காரனா? அப்ப ஒருநாளாச்சும் வந்து கை குடுத்துட்டுப் போவாரா? மேல் படுக்கைக்காரன் கேக்குறான்.

சிரிச்சு எழுதுறேனே தவிர, உன் கடுதாசி வந்ததுலேர்ந்து தூக்கமில்ல. அம்மா அப்படிச் செய்யவே இல்ல. அந்தத் தேர்தலுக்கு மறுநாள் அவ எனக்கு எழுதின கடுதாசி இங்க இருக்கு. போன குளிர்காலத்துல அறையில தண்ணி புகுந்து அவ கடுதாசி எல்லாம் கூழாப் போச்சு. இது ஒண்ணுதான் தப்பிச்சுது, பைபிளுக்குள்ள இருந்ததால. அப்படியே எழுதிக் காட்டுறேன்:

"வெண்டல் கண்ணு, சாப்பிட்டியா? நேத்து எலெக்ஷன் முடிஞ்சுது. லூக்கா கோயில் கீழ்க்கூடம் ஐஸ் பெட்டிதான். ரெண்டு ஹீட்டர்ல ஒண்ணு செத்துப்போச்சு. நம்ம ஒன்பதாம் பூத் மெஷின் கதவோரம். கெயின்ஸ் மாடிக் குடியிருப்போட பதினொண்ணாம் பூத் மெஷின் ஹீட்டர் ஓரம். நம்ம குன்றுக்காரங்க எல்லாம் வயசாளிங்க. ஓபல் மூக்கு ஒழுகிட்டு நிக்குறா. ஓட்டு மெஷினை நகத்தணும்னா பத்து ஆள் வேணும். நான் பேர் புஸ்தகத்தை மட்டும் இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் மாத்திட்டேன். நம்ம ஆளுங்க ஹீட்டர் பக்கத்து மெஷின்ல போட்டாங்க. கெயின்ஸ்காரங்க வாலிபப் பசங்க, கதவுப் பக்கம் நின்னா செத்துப்போக மாட்டாங்க. சாயங்காலம் ஆபீசர் வந்து தலைய சொறிஞ்சார். ரெண்டு பூத்தையும் கூட்டினா சரியா வருது, தனித்தனியா பாத்தா வரலேன்னார். குளிருது சார், கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்கன்னேன். போட்டுட்டார். நம்ம குன்றுல பிரிஸ்கர் ஐயாவுக்கு அறுநூத்துக்கு மேல விழுந்திருக்கு. வீடு வீடா ஏறி இறங்கினேன். லிஃப்ட் ரிப்பேர் பண்ணித் தரலன்னு கெயின்ஸ்காரங்கதான் அவரைக் கவுத்துட்டாங்க. நாம வாக்குக் குடுத்தபடி செஞ்சாச்சு. இனிமே உன் லெட்டர் வந்துடும் கண்ணு."

இதுதான். நீ படிச்சவ, உனக்குப் புரியும். எனக்குப் புரிஞ்சதே போதும்.

உன் அண்ணன்
வெண்டல்


ஜூன் 17, 1991

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ தூங்குகிறாயா? நான் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, ஆனால் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒன்பதாம் பூத்தையும் பதினோராம் பூத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கெயின்ஸ் மாடிக் குடியிருப்பு: பிரிஸ்கருக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு, எதிராக எண்பத்தெட்டு. டானர் குன்று: அவருக்கு நூற்று நாற்பது, எதிராக ஐந்நூற்று முப்பது. மெஷினின் எண்ணை வைத்து ஏற்றியிருக்கிறார்கள். மேசை மாறியது யாருக்கும் தெரியாது. அந்த அறுநூற்றுப் பன்னிரண்டும் நம் குன்றின் ஓட்டு. ஓபல் அத்தையின் ஓட்டு. அம்மா மூட்டுவலியோடு படியேறிச் சேர்த்த ஓட்டு. பிரிஸ்கர் தனக்குப் போட்டவர்களைத் தூக்கி எறிகிறார். தன்னைக் கவிழ்த்தவர்களை மடியில் வைத்துக்கொள்கிறார். உனக்குக் கையெழுத்துப் போடாததற்கும் அந்த ஒரு ஹீட்டர்தான் காரணம்.

இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். நீயும் நானும்.

நான் லேசியிடம் வாயைத் திறந்து, நான் எர்லினின் மகள், இதுதான் நடந்தது என்று சொன்னால் குன்றை உள்ளேயே வைத்துக்கொள்வார்கள். அவர் சீட் தப்பும். நன்றிக்காக உன் பரோலுக்கு எழுதுவார். எழுதுவார் என்றே நினைக்கிறேன். லேசி இப்படிப் பலருக்கு எழுதிக் கொடுத்ததாகப் பேசிக்கொள்கிறார்கள்.

சொல்லாவிட்டால் ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். அடுத்த மார்ச்சில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், கெயின்ஸிலிருந்து யாராவது எதிர்த்து நிற்பார்கள், அவர் தன் கையாலேயே தோற்பார். அம்மாவைக் கேலி செய்து சிரித்த வாய். எனக்குப் பேச வராது, சும்மா இருக்க நன்றாக வரும் என்று உனக்கே தெரியும். இப்படி ஒரு சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும் அண்ணா?

ஆனால் உள்ளே இருப்பது நீ. நீ சொல்வதைச் செய்கிறேன். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வரைபடத்தை மூடிவிடுவார்கள். அதற்குள் ஒரு வரி எழுது.

ரெனீட்டா


ஜூலை 12, 1991

எலிக்குஞ்சு,

நல்லா இருக்கியா? வேளைக்குச் சாப்பிடு.

இத்தனை நாள் எழுதாததுக்குக் காரணம், ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்ணு தோணுச்சு. ஒருநாள் அவர் தோத்துப்போற மாதிரி கனவு கண்டு சிரிச்சுட்டே எழுந்தேன். மேல் படுக்கைக்காரன் பயந்துட்டான்.

ஆனா எனக்கு முப்பத்தொரு வயசாச்சு. இடது பக்கம் மூணு பல்லு போயிடுச்சு. அவர் தோத்தா அவருக்குப் பென்ஷன் வரும், வீடு இருக்கு, மகன் இருக்கான். எனக்கு இங்க அதே சுவர். அம்மா கல்லறைக்குப் பக்கத்துல உக்காந்து ஒரு மணி நேரம் அழணும், கையில விலங்கு இல்லாம. உன் பட்டத்தை சட்டம் போட்டு மாட்டணும், ஆணி நான் அடிக்கணும்.

சொல்லிடு. போய் அந்த லேசிகிட்ட சொல்லிடு. வெட்கப்படாம தைரியமா பேசு. அம்மா பேரும் சுத்தமாகும். எனக்கு வீட்டுக்கு வரணும் ரெனீட்டா.

உன் அண்ணன்
வெண்டல்


ஆகஸ்ட் 4, 1991

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பல் பற்றிப் படித்து வருத்தமாக இருந்தது. நான் சுகம்.

உன் கடிதம் நேற்று முன்தினம், இரண்டாம் தேதிதான் வந்தது. வரைபடத்தை முதல் தேதியே மூடிவிட்டார்கள். இனி ஒரு கட்டத்தைக்கூட நகர்த்த முடியாது. அங்கே கடிதங்களைப் பிரித்துப் பார்த்துத்தானே அனுப்புகிறார்கள், அதனால் தாமதமாகியிருக்கும்.

பரோலுக்கு நானே ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறேன். லூக்கா கோயில் போதகரும் எழுதித் தருவதாகச் சொன்னார். நல்லது நடக்கும்.

குளிருக்கு முன்னால் கம்பளிக் காலுறை அனுப்புகிறேன். உன் கால் அளவு இன்னும் பதினொன்றுதானே?

ரெனீட்டா


அக்டோபர் 30, 1991

ரெனீட்டா,

சுகமா இருப்பன்னு நம்புறேன். நான் இருக்கேன்.

விசாரணை முடிஞ்சுது. எட்டு நிமிஷம். உன் லெட்டரையும் போதகர் லெட்டரையும் பாத்தாங்க. "தங்கச்சி நல்லாத்தான் எழுதியிருக்கா. வேற யாரும் பெரிய ஆள் எழுதலையா?"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. இல்லேன்னேன். மறுபடி தொண்ணூத்து மூணுல வரச் சொல்லிட்டாங்க.

எனக்கு வேலை மாத்தியிருக்காங்க. செப்டம்பர்லேர்ந்து தபால் அறையில. நோகாத வேலைதான். வர்றதுல தேதி முத்திரை குத்துறேன், போறதைப் பைல போடுறேன். இங்கேர்ந்து தலைநகருக்குப் போற கடுதாசி மூணு நாள்ல போயிடுதாம். பழைய ஆள் சொன்னார். எப்பவுமே அப்படித்தானாம்.

கால் அளவு பதினொண்ணுதான்.

வெண்டல்


டிசம்பர் 15, 1991

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? இங்கே பனி ஆரம்பித்துவிட்டது. இதனுடன் காலுறை இரண்டு ஜோடி இருக்கிறது. சாம்பல் நிறம் வெளியே போட, கறுப்பு படுக்கும்போது போட.

வரைபடம் சட்டசபையில் தேறிவிட்டது. நம் தொகுதி இப்போது வால் நீண்ட பல்லிபோல் இருக்கிறது. வாலின் நுனியில் நீ. செய்தித்தாளில் கேலிப்படம்கூடப் போட்டார்கள்.

போன ஞாயிறு டானர் குன்றுக்குப் போனேன். ஓபல் அத்தை புது வாக்காளர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே கேட்டார்: "இது யாருடி, புறநகர்ல இருக்கற எவனோ நமக்கு ஆளாம்? சக்கர நாற்காலிக்குச் சாய்வுப்பாதை வேணும்னு அவனுக்கு ஃபோன் பண்ணினா, டானர் குன்று எங்க இருக்குன்னு கேக்குறான். பிரிஸ்கர் ஐயாவுக்கு நாங்க என்ன குறை வெச்சோம்?" நான் கீரையைக் கிளறிக்கொண்டு நின்றேன்.

கெயின்ஸிலிருந்து வோன்சில் டேட் என்ற பள்ளி ஆசிரியை பிரிஸ்கரை எதிர்த்து நிற்கப்போகிறார். லேசி, "அந்த ஏரியா நம்ம கோட்டை, அவளுக்குப் பத்து ஓட்டுகூட விழாது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நீ தபால் அறையைப் பற்றி எழுதியதைப் படித்தேன். குளிரில் பார்த்துக்கொள்.

ரெனீட்டா


ஜனவரி 20, 1992

ரெனீட்டா,

காலுறை வந்துச்சு. சரியா இருக்கு. நன்றி.

நாலாவது பல்லையும் எடுத்தாச்சு.

கைதி எண் 40718
வெண்டல்


மார்ச் 19, 1992

அன்புள்ள வெண்டல் அண்ணாவுக்கு,

உன் ஈறு ஆறிவிட்டதா? கூழாக ஏதாவது கேட்டு வாங்கிச் சாப்பிடு. எனக்கு உடம்பு நலம். மனத்தைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

பிரிஸ்கர் தோற்றுவிட்டார். உங்கள் வானொலியில் சொல்லியிருப்பார்கள். முந்நூற்றுப் பதினேழு ஓட்டு வித்தியாசம். கெயின்ஸ் மாடிகளில் அவருக்குக் கிடைத்தது நூற்றுப் பன்னிரண்டு. குன்று உள்ளே இருந்திருந்தால், எண்பத்தெட்டில் போட்ட மாதிரியே போட்டிருந்தால், அங்கே மட்டும் ஐந்நூற்று இருபத்துநான்கு ஓட்டு முன்னால் நின்று, மொத்தத்தில் இருநூற்றேழு ஓட்டில் ஜெயித்திருப்பார். நான் ஒரு காகிதத்தில் இதை மூன்று முறை கூட்டிக் கழித்துப் பார்த்தேன். டேட் நல்ல உறுப்பினராக இருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்காக நான் எதுவும் செய்யவில்லை.

லூக்கா கோயில் கீழ்க்கூடத்தில் பிரிஸ்கர் நன்றி சொல்ல வந்தார். நான் கடைசி வரிசையில் நின்றேன். அதே சூட்டு கோட்டு, ஆனால் அதன் தோள் பெரியதாகத் தெரிந்தது. ஆள் சுருங்கிவிட்டார். "எங்க தப்பு நடந்துச்சுன்னு இன்னிக்கும் எனக்குப் புரியல. கெயின்ஸ் என் சொந்த வீடு மாதிரி" என்றார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு ஹீட்டரும் இப்போது வேலை செய்கின்றன.

அண்ணா, உன் ஜூலைக் கடிதம் ஆகஸ்ட் இரண்டாம் தேதி வரவில்லை. ஜூலை பதினைந்தாம் தேதி வந்தது. மூன்று நாளில். அதை வேலை மேசையின் இழுப்பறையில், வரைபடச் சுருள்களுக்கு அடியில் வைத்தேன். பதினேழு நாள் அங்கே இருந்தது. தினமும் காலையில் இன்று சொல்லிவிடலாம் என்றுதான் போவேன். லேசி வந்து நிற்பார், விதைத்தோல் தோளில் விழும், அம்மாவின் பெயரை அந்த வாய் சொன்னது ஞாபகம் வரும். ஜூலை முப்பத்தொன்று மாலை அவரே கேட்டார்: "ஊமைப் பொண்ணே, மூடறதுக்கு முன்னாடி வேற ஏதாச்சும் பாக்கணுமா?" "இல்லை" என்றேன். அத்தனை மாதத்தில் அவரிடம் நான் பேசிய ஒரே சொல் அதுதான். அவர் திடுக்கிட்டுப்போனார், எனக்குக் குரல் இருப்பதைப் பார்த்து.

வெட்கத்தால் சொல்லாமல் இருந்தேன் என்று எழுதலாம். நீ நம்புவாய். அது உண்மை இல்லை. அன்று எனக்கு வெட்கமே இல்லை. பிரிஸ்கர் விழ வேண்டும் என்பது, நீ வீட்டுக்கு வர வேண்டும் என்பதைவிட எனக்குப் பெரிதாக இருந்தது. உன்னைச் சுவருக்குப் பின்னால் வைத்தவர் அவர். இன்னும் இரண்டு வருடம் வைத்தது நான். செப்டம்பரிலேயே உனக்கு இது தெரியும். தபால் அறையைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு, ஒரு கேள்விகூடக் கேட்காமல் விட்டாய். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மன்னிப்பு கேட்க இதை எழுதவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், நம் சமையலறையில் தலையை ஆட்டிய மாதிரி. தொண்ணூற்று மூன்று விசாரணைக்காக, அதற்குள் உறுப்பினராகிவிடுவார் என்று, டேட்டின் தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன். வரவேற்பறையில் என் பெயரையும் உன் பெயரையும் சத்தமாகச் சொன்னேன். டேட் நேரில் பேசினார், எழுதித் தருவதாகச் சொன்னார். தந்தாலும் தராவிட்டாலும் மாதாமாதம் போய் நிற்பேன்.

இப்போது இதைக் கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். முதல் கடிதத்திலிருந்தே கேட்க ஏதோ இருந்தது, என்னவென்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கூடத்தில் நின்றபோதுதான் தெரிந்தது. எங்கே தப்பு நடந்தது என்று புரியாமலே ஒருவர் தோற்றுப்போவது எனக்குப் போதவில்லை. தன் ஆட்களைத் தானே தூக்கி எறிந்ததும், எர்லின் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதும், தான் போடாத அந்த ஒரு கையெழுத்தும் அவருக்குத் தெரிய வேண்டும். தன் வீட்டில், மகன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் அதைப் படிக்க வேண்டும்.

நீ எழுதிக் காட்டியது போதாது. பொய் என்பார். அம்மாவின் கையெழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும், பத்துப் பன்னிரண்டு வருடம் அவருக்கு வாக்காளர் பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பைபிளுக்குள் தப்பித்த அந்தக் கடிதம், உன்னிடம் அம்மாவுடையதாக மிச்சமிருக்கும் அந்த ஒன்றே ஒன்று, எனக்கு வேண்டும். அவரிடம் போனால் திரும்பி வராது.

அனுப்புவாயா அண்ணா?

ரெனீட்டா